மாமன் மடியில் ஒரு பால்பல்

பிள்ளைகளா,

நேற்று நீங்கள் இரண்டு பேரும் பல் விளக்காமல் படுக்கப் போனபோது, "இருங்க, அத்தைக்கு போன் போடுறேன். வந்து ரெண்டு பேருக்கும் ஊசி போடுவா" என்று மிரட்டினேன். யாரும் பயந்த மாதிரித் தெரியவில்லை. சின்னவள் என் போனைப் பிடுங்கி அவளே அத்தைக்குப் போட்டுவிட்டாள். "அத்தே, அப்பா அந்த வார்த்தையச் சொல்லிட்டாரு" என்று புகார். அதன் பிறகு வசவு வாங்கியது நான். நீங்கள் பல் விளக்காமலே தூங்கிப்போனீர்கள்.

அத்தை ஏன் பிள்ளைகள் பல்லை மட்டும் பார்க்கிறாள், பாளையம்பட்டியில் அவள் ஆஸ்பத்திரிக்குள் இருந்து ஏன் குலவைச் சத்தம் கேட்கிறது என்று நீங்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் நடுவில் நடுவில் பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் அத்தை திருத்துவாள். கொஞ்சம் அதிகமாகவே திருத்துவாள்.

என் பல்லில் இருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் அத்தைக்கு முதல் நோயாளி நான்தான்.

எனக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் நாக்கால் அதைப் பொத்தி வைத்திருந்தேன். கம்பங்கூழைக்கூட வாயை ஒரு பக்கமாகக் கோணிக் குடித்தேன். வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடமே போக ஆரம்பிக்காத தங்கச்சி கவனித்துவிட்டாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்த வயதில் எனக்கு பஸ் என்றால் உயிர், அது அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, அருப்புக்கோட்டையில இருந்து நம்மூருக்கு வர்ற பஸ்ஸு எங்கெங்க நிக்கும்? கண்டக்டர் மாதிரியே கத்திச் சொல்லு."

நான் கண்டக்டர் மாதிரி வாயை அகலத் திறந்து கத்தினேன். மூன்றாவது ஊர் வருவதற்குள் பல் அவள் கையில் இருந்தது. அது தெரியாமல் நான் எங்கள் ஊர் ரெட்டியபட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் பார்த்து அழ ஆரம்பித்தேன்.

"இனிமே எதுக்கு அழுகுற? பஸ்ஸுதான் வந்து நின்னுருச்சே" என்றாள்.

பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து ஓட்டுக்கூரை மேல் எறிந்தோம். விழுந்த பல்லுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. அந்தச் சாணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவள் நன்றாகப் படித்தாள். நான் நன்றாக ஓட்டினேன். பல் டாக்டருக்குப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்ததும் ஊரில் ஆளுக்கு ஒரு சந்தேகம். டீக்கடையில் ஒரு பெரிய மனிதர் அவளிடம் நேராகவே கேட்டார்.

"ஏத்தா, பொம்பளப்புள்ள கையில பலம் இருக்குமா? கடவாப் பல்லப் புடுங்குறதுன்னா சும்மாவா? பருத்திமாரு புடுங்குற மாதிரில்ல!"

"நம்மூர்ல பருத்திமாரு புடுங்குறது பூராம் யாரு மாமா? நீங்களா?"

காய்ந்த பருத்திச் செடியை வேரோடு பிடுங்குவது எங்கள் ஊரில் பெண்களுடைய வேலை. அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காசைக் கொடுத்தார்.

முதல் படிப்பு முடிந்தது. அதற்கு மேலும் படிக்கப் போகிறேன் என்றாள். என்ன படிப்பு என்று கேட்டதற்கு, பிள்ளைகள் பல்லுக்கு என்று ஒரு தனிப் படிப்பு இருக்கிறது என்றாள். இதை அவள் சொன்ன இடம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. அவளை ஏற்றிவிட நானும் உங்கள் தாத்தாவும் போயிருந்தோம். முகூர்த்த நாள் கூட்டம். பஸ் வந்து நிற்பதற்குள் தாத்தா ஓடிப்போய்த் தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக எறிந்து அவளுக்கு சீட்டு பிடித்துவிட்டு வந்தார். வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பால் பல்லு தானா விழுந்துரும்மா. விழப்போற பல்லுக்கு வைத்தியமா? இடிக்கப்போற வீட்டுக்கு யாராச்சும் வெள்ளையடிப்பாகளா?"

"அப்பா, அங்க பாருங்க. அந்த சீட்டுல இப்ப யாரு உக்காந்திருக்கா?"

"யாரும் இல்ல. என் துண்டு கெடக்கு."

"நான் போயி உக்கார்ற வரைக்கும் அந்தத் துண்டு எடம் பிடிச்சு வச்சிருக்குல்ல? பால் பல்லு அந்தத் துண்டுதான்ப்பா. அடியில இருந்து வரப்போற பல்லுக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கு. முன்னாடியே புடுங்கிட்டா, பக்கத்துப் பல்லு நகண்டு உக்காந்துரும். பொறவு வர்ற பல்லு கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கோணிக்கிட்டுத்தான் நிக்கணும்."

தாத்தா பஸ்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, வெரசா ஏறு. துண்ட எவனாச்சும் தூக்கிருவான்" என்றார். அந்தப் படிப்புக்கு எங்கள் வீட்டில் கிடைத்த சம்மதம் அவ்வளவுதான்.

படித்து முடித்து வந்தவள் பாளையம்பட்டி ரோட்டில் ஒரு கடையைப் பிடித்தாள். ஒரு பக்கம் மாவு மில், இன்னொரு பக்கம் பேட்டரிக் கடை. நடுவில் பிள்ளைகள் பல் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள், ஆனால் யாரும் இறங்கவில்லை.

இறங்கி வந்த சிலரும் பெரியவர்கள். சவாரி இல்லாத நேரத்தில் நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மீசை பெரிது. உள்ளே வருகிறவர்கள் நேராக என்னிடம் வந்து வாயைத் திறப்பார்கள். "இங்கிட்டு, சொத்த இங்கிட்டு" என்று விரலை வேறு வைத்துக் காட்டுவார்கள். நான் எத்தனை வாயைப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. "டாக்டரு நான் இல்ல, அவுக" என்று கையைக் காட்டினால், "நர்சம்மாவா? டாக்டரு எப்ப வருவாக?" என்று அவளிடமே கேட்பார்கள்.

அவள் சிரித்துக்கொண்டே, "நான் புள்ளைக பல்லுதான் பாப்பேன். பெரியவுகளுக்கு பஜார்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்று அனுப்பிவைப்பாள். அவர்கள் போனதும் நான் கேட்பேன்.

"பாப்பா, வந்தவுகள ஏன் அனுப்புற? பல்லுன்னா பல்லுதான?"

"பெரியவுக வலிச்சாத் தானா வந்துருவாகண்ணே. புள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கும். என் நாற்காலியில பெரியவுக உக்காந்துட்டா, பொறவு இது எல்லா ஆஸ்பத்திரியும் மாதிரி ஆயிரும். புள்ளைக்கு எடம் இருக்காது."

கல்யாண வீட்டுப் பந்தியில் மற்றவர்கள் பாயாசத்தைப் பார்த்தால் இவள் எதிர்வரிசைப் பிள்ளைகள் எந்தப் பக்கத்துக் கன்னத்தில் மெல்லுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், "சின்னப் புள்ளைக பல்லு டாக்டரா? அப்ப பெரிய பல்லு தெரியாதா?" என்று கேட்டார்கள். "தெரியும். உங்க மகனுக்கு மேல்வரிசையில ரெண்டு சொத்த" என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

பிள்ளைகள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும், "புடுங்கி விடுங்க, பால் பல்லுதான" என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். புடுங்க மாட்டேன், சரி பண்ணுகிறேன் என்று சொன்னால் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. முதல் தடவை யோசிக்காமல் முடியாது என்றாள். அவர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை யோசித்தாள். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் போகக்கூடாது என்றுதான் எனக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நாற்காலி காலியாகக் கிடக்கிறது, நான் என்ன சொல்லி அவளை நிறுத்த?

அந்த வாரம்தான் ரெட்டியபட்டிப் பக்கத்தில் என் ஆட்டோவில் ஒரு அம்மா பையனோடு ஏறியது. பையனுக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கப் போவதாக அந்த அம்மா சொன்னது. நான் மெடிக்கலில் நிறுத்தவில்லை. நேராகப் பாளையம்பட்டியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இது யாரு வீடுண்ணே?"

"புள்ளைக பல்லு டாக்டரு. என் தங்கச்சிதான். சும்மா காமிங்க."

பையன் அதுவரை அமைதியாகத்தான் இருந்தான். அவனுக்கு தைரியம் சொல்வோமே என்று நான் குனிந்து, "ஊசியெல்லாம் போட மாட்டாகடா தங்கம்" என்றேன்.

அவ்வளவுதான். பேட்டரிக் கடைக்காரர் ஓடி வரும் அளவுக்கு ஒரு கத்து கத்தினான். அம்மா கையை உதறிக்கொண்டு என் ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். அந்த அம்மா ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அவன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

உங்கள் அத்தை வெளியே வந்தாள். எங்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். ரோட்டில் மண்டியிட்டு ஆட்டோவுக்கு அடியில் தலையை நுழைத்து, கையில் இருந்த சின்ன டார்ச்சை அடித்தாள். அவன் கத்தக் கத்த நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து மண்ணைத் தட்டினாள்.

"பாத்தாச்சு. கீழ்க்கடவாய். வீக்கம் வத்த மருந்து எழுதித் தாரேன்."

"எப்புடித்தா பாத்த?" என்றேன்.

"அழுகுற புள்ள வாயத் தொறந்துதானண்ணே இருக்கு."

அந்த அம்மாவிடம் அவள் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கிழம வாங்க. அவன் என் நாற்காலியில தனியா உக்கார வேண்டாம். யாரு மடியில உக்காந்தா அழுகாம இருப்பானோ, அவுகளக் கூட்டிட்டு வாங்க. மடியில வச்சே பாத்துரலாம்."

அவர்கள் போன பிறகு எனக்குப் பாடம் நடந்தது. "நீ சொல்ற வரைக்கும் அவன் ஊசிய நெனைக்கவே இல்லண்ணே. நீயா எடுத்துக் கையில குடுத்த" என்றாள். அன்றைக்குத்தான் மூன்று வார்த்தைகள் தடை. ஊசி, வலி, புடுங்கு. பொய்யும் சொல்லக் கூடாதாம். "பல்லு தூங்குறதுக்கு மருந்து வைப்பாக, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று உள்ளதைச் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொரு கருவிக்கும் அவளிடம் வேறு பெயர் இருந்தது. எச்சிலை உறிஞ்சுகிற குழாய் யானைக்குட்டித் தும்பிக்கை. தண்ணீர் தெளிக்கிறது தூத்தல். நம் ஊரில் தூத்தல் என்றால் பிள்ளைகள் எங்கிருந்தாலும் ஓடிவந்து அண்ணாந்து வாயைத் திறக்கும். மழையைப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று, வாயைத் திறக்காமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவும் பையனும் மட்டும் வருவார்கள் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் நிறைய ஆட்கள். பெண்கள் தலையில் பூ, கையில் தட்டு. மாவு மில்காரர் வெளியே வந்து, "மண்டபம் அங்கிட்டுப் போகணும்" என்று கையைக் காட்டினார். "மண்டபம் இல்ல, பல்லு ஆஸ்பத்திரி" என்று வண்டிக்குள் இருந்து பதில் வந்தது.

முதலில் இறங்கியது பட்டுச்சட்டை போட்ட பையன். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. அடுத்து இறங்கியது ஒரு பெரிய உருவம். புது வேட்டி, தோளில் புதுத் துண்டு. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது.

"இவன் தாய்மாமன்" என்றது அந்த அம்மா. "எந்தம்பி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். லீவு போட்டு வந்திருக்கான். நீங்கதான டாக்டரம்மா மடியில உக்கார வைக்க ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னீக?"

உங்கள் அத்தை என்னைப் பார்த்தாள். நான் பேட்டரிக் கடையைப் பார்த்தேன். தப்பு அவர்கள் மேல் இல்லை. பிள்ளைக்கு ஒன்று குத்த வேண்டும், யார் மடியாவது வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் மடிதான். காது குத்துகிற மாதிரியே கிளம்பி வந்துவிட்டார்கள். மாமன் சீர் கொண்டு வந்திருந்தார். தட்டில் கொய்யாப்பழம் கொஞ்சம், சாக்லேட் நிறைய. பல் டாக்டர் வீட்டு வாசலில் சாக்லேட் தட்டு! கடைசியாக ஒரு கிழவி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு உள்ளே நுழைந்தது.

"அது என்ன பாட்டி?" என்றாள் அத்தை.

"சாணி தாயி. பல்லு வந்ததும் பொதிஞ்சு எறியணும்ல. டவுனுல சாணிக்கு எங்க போறதுன்னு வீட்டுல இருந்தே கொண்டாந்துட்டேன்."

"அது மட்டும் வெளியில இருக்கட்டும் பாட்டி."

பத்தரைக்குள் நல்ல நேரம் என்றார்கள். சரி என்றாள். பிள்ளை கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்றார்கள். நாற்காலியோ தெற்கே பார்த்துத் தரையில் முடுக்கி வைத்தது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "வாயி கெழக்க பாத்தாப் போதும்ல?" என்றாள். கூடிப் பேசினார்கள். போதும் என்று முடிவானது.

பிறகுதான் சிக்கல். "பல்ல எம் மாப்ள கையில குடுக்கணுமா, எங்கையிலயா?" என்று மாமன் கேட்டார்.

"பல்ல எடுக்கப் போறதில்ல. உள்ளுக்குள்ள சுத்தம் பண்ணி மருந்து வச்சு மூடப் போறேன். அப்பறமா மேல ஒரு தொப்பி மாட்டிவிடுவேன்."

பையனுடைய தாத்தா முன்னால் வந்தார். "விழுற பல்லுதானத்தா? எடுக்கலைன்னா அப்ப எதுக்கு இம்புட்டு சீரு, இம்புட்டு ஆளு?"

இவர்கள் முகம் சுளித்துப் போனால், லோடு வண்டி நிற்கிற ஊரில் எல்லாம் இந்தப் பேச்சு இறங்கும். நாளைக்குத் திங்கட்கிழமை. நான் அவள் காதருகில் போய், "பாப்பா, பேசாம எடுத்து விட்ரு. எல்லாரும் சந்தோசமாப் போவாக" என்றேன்.

அவள் திரும்பாமல் ஒரே வார்த்தை சொன்னாள். "துண்டுண்ணே."

எனக்கு பஸ் ஸ்டாண்டு கண்ணில் வந்தது. மாமன் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவினேன். பெஞ்சில் நடுவாக விரித்தேன். "தாத்தா, இந்த எடத்துல நீங்க உக்காருவீகளா?" என்றேன்.

"அது ஆரோ போட்டு வச்சிருக்காகல்ல?"

"அம்புட்டுத்தான் தாத்தா. இந்தப் பல்லும் துண்டு. அடியில ஒருத்தன் வந்துக்கிட்டு இருக்கான். அவன் வந்து சேர இன்னும் பல வருசம் ஆகும். இப்பவே துண்ட எடுத்துட்டா..." எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. மாமன் அலறினார்.

"ஏயப்பா! துண்ட எடுத்துட்டாப் போச்சே! போன தீவாளிக்கு எவனோ என் துண்டத் தூக்கிக் கீழ போட்டுட்டான். திருப்பூர்ல இருந்து மதுர வரைக்கும் ஒத்தக் கால்ல நின்னு வந்தேன்! வேணாம் தாயி, என் மருமகனுக்கு அந்தக் கதி வேணாம். துண்டு கெடக்கட்டும்!"

தாத்தா பெஞ்சைப் பார்த்தார். துண்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். அதுதான் உத்தரவு.

உள்ளே மாமன் நாற்காலியில் மல்லாந்து படுத்தார். நாற்காலி முனகியது. அவர் வயிற்றின் மேல் பையன். அத்தை சின்ன பிரஷ்ஷை ஓடவிட்டதும் அது வண்டு மாதிரி இரைந்தது. பையனைவிட மாமனுக்குத்தான் முகம் வெளிறியது.

"மொதல்ல மாமா நகத்துல" என்றாள் அத்தை. மாமன் ஒரே ஒரு விரலை மட்டும் நீட்டினார். பிரஷ் நகத்தில் ஓடியது. மாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, கூச்சந்தான? கண்ணத் தொறங்க மாமா. ஒண்ணும் செய்யாது. நான் இருக்கேன்ல" என்றான். அதிலிருந்து அவன் நோயாளி இல்லை. மாமனைப் பார்த்துக்கொள்ள வந்தவன்.

பல் தூங்குவதற்கான மருந்தை வைக்கும் நேரம். அத்தை என்னைக் கண்ணால் எச்சரித்தாள். நான் உதட்டை மடித்துக்கொண்டேன். பையனிடம் எறும்பைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினாள். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிழவிக்கு அது போதும். காது குத்துகிற நேரம் வந்துவிட்டது என்று குலவையை எடுத்தது. ஒரு வாய் எடுத்ததும் வெளியில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவர் அதிர்ந்தது. பையன் வாயைப் பிளந்து கதவையே பார்த்தான். குலவை அடங்கியபோது அத்தையின் கை கீழே இறங்கியிருந்தது.

"அத்தே, எறும்பு எப்பக் கடிக்கும்?" என்று கேட்டான்.

"அது வந்துட்டுப் போயிருச்சே."

பிறகு தூத்தல் விழுந்தது, யானைக்குட்டி குடித்தது. மருந்தை வைத்து மூடினாள். மாமன் நாற்காலியை விட்டு எழுந்தபோது சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மாவு மில்லை நிறுத்திவிட்டு மில்காரரும் அரைக்க வந்தவர்களும் வாசலில் நின்றார்கள். பேட்டரிக் கடைக்காரர் பஸ்ஸில் இருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சாணி டப்பாவைக் கிழவி பத்திரமாக எடுத்துக்கொண்டது. "தானா விழுகையில எறிஞ்சுக்கிறோம். எங்க போயிரப் போகுது?" என்றது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு மாட்டிய வெள்ளித் தொப்பியைப் பார்த்து அவன் தெருப் பிள்ளைகள் தங்களுக்கும் வெள்ளிப் பல் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். வீரசோழனில் இருந்து ஒரு அம்மா போன் செய்து, "எங்க புள்ளைக்கு மாமா வெளிநாட்டுல இருக்காக. வாப்பா மடியில உக்காரலாமா டாக்டரம்மா?" என்று கேட்டது. அப்பா மடியிலும் தாராளமாக உட்காரலாம் என்றாள். தட்டில் சாக்லேட் மட்டும் வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டாள். இப்போது குலவையோடு வெள்ளரிக்காயும் கொய்யாவும் வருகிறது. நீங்கள் தின்கிற கொய்யா எல்லாம் அதுதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. வண்டி போய்விட்டது. அத்தை அவளுடைய வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, காலால் மெல்லச் சுற்றிக்கொண்டே கொய்யா தின்றாள்.

"நாளைக்கு சென்னைக்குப் பதில் சொல்லணும்ணே."

"என்ன சொல்லப் போற?"

"தெரியல. ஒரு புள்ள வந்ததுக்கே இன்னைக்குக் கொலவை. அடுத்த புள்ள எப்ப வருமோ."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைகளுக்குத் தடை போட்ட பிறகு எனக்கு எந்த வார்த்தையை எடுக்கவும் பயமாக இருந்தது. அவள் கொய்யாவை முடித்து, கையைக் கழுவி, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். "பூட்டிட்டு வாண்ணே" என்றாள்.

நான் தரையைக் கூட்டினேன். உதிர்ந்த மாலைப் பூ நாற்காலிக்கு அடியில் எல்லாம் கிடந்தது. விளக்கை அணைத்தேன். ஷட்டர் வரை போனவன் திரும்பி வந்தேன். தோளில் கிடந்த என் துண்டை எடுத்து உதறி, அவள் உட்காரும் அந்த வட்ட ஸ்டூலின் மேல் விரித்துப் போட்டேன். இரண்டு பக்கமும் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டினேன்.